மூன்று புரிக் கயிறு

செத்துப்போனவன் சினிமாக் கொட்டகையில் ஓடுகிறான் என்ற சேதியைப் பன்னீர்செல்வம் கொண்டுவந்தபோது பூங்காவனம் பாவு பிணைத்துக்கொண்டிருந்தாள். தறியில் பழைய பாவு முடிந்ததும் அதன் ஒவ்வொரு நுனியோடும் புதுப் பாவின் நுனியைச் சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் திரித்துவிட வேண்டும். நாலாயிரத்துச் சொச்சம் இழை. முடிச்சு கிடையாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சரியாக ஒரு திரி திரித்தால் பட்டோடு பட்டு தானாகப் பிடித்துக்கொள்ளும். பூங்காவனம் பிணைத்த பாவு நடுவில் விட்டுப்போனது என்று அந்தத் தெருவில் யாரும் சொன்னதில்லை. பாதியில் எழுந்தால் கை மாறிப்போகும் என்று எழுந்திருக்கவே மாட்டாள். மாமியார் செத்த சேதி வந்தபோதுகூட மிச்சமிருந்த இழைகளைத் திரித்துவிட்டுத்தான் அழ உட்கார்ந்தாள் என்று தெருவில் ஒரு கேலி உண்டு.

பன்னீர்செல்வம் பட்டுக்குச் சாயம் போடுகிறவன். முழங்கை வரை எப்போதும் ஏதாவது ஒரு நிறம் இருக்கும். அன்றைக்குப் பச்சை.

"அக்கா, நம்புவியா மாட்டியான்னு தெர்ல. நம்ம சுப்புவைப் பார்த்தேன்."

"எங்கடா?"

"கொட்டாயில. படத்துக்கு முன்னாடி யுத்தப் படம் ஒண்ணு போடறான். கரும்புத் தோட்டத்துலேர்ந்து பட்டாளத்துக்காரங்க ஓடி வர்றாங்க. முன்னால ஒருத்தன் சிரிச்சிகினே வர்றான். அந்தத் தெத்துப்பல்லு கூடத் தெரியுதுக்கா. அது அவன்தான்."

பூங்காவனம் எழுந்துவிட்டாள். விரலில் சாம்பல், மடியில் ஆயிரம் இழை பாக்கி.

பட்டாளத்துக்குப் போன அவள் மகன் சுப்பராயலு செத்து மூன்று மாதம் ஆகப்போகிறது. மார்கழி பிறந்த மறுநாள் தந்தி வந்தது. யுத்தத்தில் ஜெயித்தாயிற்று என்று ஊர் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்த நேரம். தந்திக்காரர் தெருமுனையிலேயே சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார். அதைப் பார்த்ததுமே தெருவில் தறிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. பத்து நாள் கழித்து ஆபீசர் இங்கிலீஷில் எழுதிய கடிதம் வந்தது. ஹைஸ்கூல் வாத்தியார் படித்துச் சொன்னார். டிசம்பர் பதினொன்றாம் தேதி காலையில் எதிரியை நோக்கி ஓடும்போது குண்டு பாய்ந்ததாம். அந்தக் கணமே உயிர் போய்விட்டதாம். வலி என்பதே தெரியாதாம். அப்புறம் தை மாதத்தில் ஒரு தகரப் பெட்டி வந்தது. இரண்டு சட்டை, ஒரு போர்வை, சவரக் கத்தி, ஜெயத்தின் போட்டோ.

ஜெயம் அவன் பெண்டாட்டி. போளூர்ப் பெண். கல்யாணமான பிறகு அவன் லீவில் இருந்த நாற்பது நாள்தான் அவளுடைய குடித்தனம்.

உடம்பு வரவில்லை. பார்க்காத சாவுக்கு என்ன செய்வது என்று பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். தர்ப்பையில் ஆள் மாதிரி உருவம் கட்டி, ஆற்றங்கரையில் வைத்துக் கொள்ளி போட்டுவிட்டுக் காரியம் செய்ய வேண்டும் என்றார்கள். வருகிற அமாவாசைக்கு நாள் குறித்தார் மாணிக்கவேல், சுப்பராயலுவின் அப்பா. அதற்கு ஒன்பது நாள் இருக்கும்போதுதான் பன்னீர்செல்வம் வந்து நின்றான்.

அன்று மதியக் காட்சிக்கே மூன்று பேரும் போனார்கள். கொட்டகையில் ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் இடுப்பளவு சுவர் உண்டு. மாமியாரும் மருமகளும் இந்தப் பக்கம், மாணிக்கவேல் அந்தப் பக்கம். விளக்கணைந்ததும் முரசு கொட்டுகிற பாட்டோடு செய்திப் படம் வந்தது. அமைச்சர் யாருக்கோ கை கொடுத்தார். பீரங்கி பின்னால் உதைத்துப் புகை விட்டது. பிறகு கணீரென்று ஒரு குரல், "டிசம்பர் பதிமூன்று. நமது வீரர்கள் எதிரியின் கோட்டைக்குள் புகுகிறார்கள்" என்றது. கரும்பு அசைந்தது. ஓடி வந்தார்கள்.

அவன்தான். தோளைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு ஓடுகிற அந்த ஓட்டம் அவனுடையது. சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டியிருந்தான். நேராக இவர்களைப் பார்த்து வந்தான், சிரித்தான், திரை ஓரத்தில் மறைந்தான். நாலு விநாடிகூட இருக்காது.

"அத்தை, அவரு," என்றாள் ஜெயம். அவள் கை பூங்காவனத்தின் தொடையைப் பிடித்திருந்தது. "அத்தை, பதிமூணாந்தேதின்னு சொல்றாங்க."

கடுதாசியில் பதினொன்று, படத்தில் பதிமூன்று. செத்தவன் இரண்டு நாள் கழித்துச் சிரித்துக்கொண்டு ஓடுவானா? பெயர் மாறித் தந்தி கொடுத்துவிட்டார்கள், ஏதோ ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறான், இல்லாவிட்டால் எதிரிகள் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று மறுநாள் காலைக்குள் தெருவே தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் இந்த முறை ஊர் வாய் இனிப்பாக இருந்தது. பூங்காவனம் அதைத் தின்றாள். காரியம் இல்லை, நாள் குறித்ததைத் திருப்பிச் சொல்லிவிடுங்கள் என்று புருஷனிடம் கண்டிப்பாகச் சொன்னாள்.

அவள் இன்னொன்றையும் பார்த்திருந்தாள். அவன் வலது மணிக்கட்டு வெறுமையாக இருந்தது.

ஐப்பசியில் படவேட்டு ரேணுகாம்பாளுக்கு வேண்டிக்கொண்டு, அரக்குப் பட்டில் ஒரு கயிறு திரித்து, அம்மன் காலடியில் வைத்தெடுத்துத் தபாலில் அனுப்பியிருந்தாள். கையில் கட்டுகிற கயிறு ஒரு புரி போதும். "தேரா இழுக்கப் போறான்? ஒரு புரி போதும்டி" என்று மாணிக்கவேல்கூடச் சொன்னார். அவள் கேட்கவில்லை. மூன்று புரியாக முறுக்கினாள். தானாக அறுந்து விழும்வரை கழற்றக் கூடாது என்பது வேண்டுதல். அறுந்தே விழக் கூடாது என்பது அவள் ஆசை. கார்த்திகையில் பதில் வந்தது: 'கயிறு வந்தது. வலது கையில் ரெண்டு சுற்றுக் கட்டினேன், மிச்சம் தொங்குது. இழுத்துப் பார்த்தேன், அறுக்க முடியலை. குளிக்கும்போதும் கழட்டறதில்லை.' அதுதான் அவன் கடைசிக் கடிதம்.

நாலாயிரம் இழையில் ஒன்று விட்டிருந்தால் வாசலில் நின்றே சொல்கிற கண் அவளுடையது. வெறும் மணிக்கட்டு அந்தக் கண்ணுக்குத் தப்புமா? தப்பவில்லை. அவள்தான் தப்பவிட்டாள். மறுநாள் மதியம் தனியாகப் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். ஒருவேளை கயிறு சட்டைக்குள் ஏறியிருக்கலாம், இன்றைக்குத் தெரியும் என்று போனாள். தறிக்கு மேலே பூ விழவைக்கிற ஜக்கார்டு பெட்டியில் அதே அட்டை சுற்றி வந்தால் அதே புட்டாதான் விழும், இன்னொரு புட்டா விழாது என்பது அவளுக்குத் தெரியாதா? பெற்ற மனம் பித்து. தெரிந்தும் போனாள். செய்திப் படம் முடிந்ததும் எழுந்து வெளியே வந்துவிடுவாள். பெரிய படம் எதுவென்றுகூட அவளுக்குத் தெரியாது. நாலாம் நாளிலிருந்து டிக்கெட் கிழிக்கிறவர் அவளிடம் டிக்கெட் கேட்பதை விட்டுவிட்டார்.

வீட்டில் பாதி பிணைத்த பாவு அப்படியே கிடந்தது. தறி நின்றால் வீடு காலியானது போல ஆகிவிடும். மாணிக்கவேல் தறிப் பள்ளத்தில் கால் தொங்கவிட்டு ஓடாத தறிக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். ஜெயம் ராட்டினத்தில் ஊடை நூலைத் தாராகச் சுற்றிச் சுற்றி வைத்தாள். நெய்ய ஆளில்லாத தார் கூடையில் மேலே மேலே ஏறியது. ஆறாம் நாள் அவள் ராட்டினத்தை நிறுத்தினாள்.

"அத்தை, ஒண்ணு கேக்கட்டா? கோச்சிக்காதீங்க."

"கேளு."

"போளூர்லேர்ந்து எங்கண்ணன் வந்துட்டுப் போச்சி. இட்டுகினு போறேன்னு சொல்லிச்சி. நான் வர்லேன்னுட்டேன். பொட்டு வச்சிக்கட்டுமா, வாணாமா? குழாயடியில எல்லாரும் என் நெத்தியத்தான் பார்க்கறாங்க. பார்த்துட்டு, ஒண்ணும் சொல்லாம தண்ணி புடிக்கறாங்க. அவுரு கீறாருன்னா கீறாருன்னு சொல்லுங்க. இல்லேன்னா இல்லேன்னு சொல்லுங்க. நடுவுல எப்பிடி அத்தை நிக்கறது?"

பூங்காவனத்துக்கு மணிக்கட்டைப் பற்றிச் சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டாள். சொல்லிவிட்டால் தானே அவனைக் கொன்ற மாதிரி ஆகிவிடும் என்று பயந்தாள்.

"வெள்ளிக்கெழமை படம் மாத்தறான்," என்றார் மாணிக்கவேல், தறியைப் பார்த்தபடியே. "அப்பால அந்த யுத்தப் படம் போளூருக்குப் போவுது. நீயும் பின்னாலயே போவியா?"

"போவேன்."

"தோ பாரு, கண்ணால பார்த்ததும் பொய்யுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? கூட இருந்தவனைக் கேக்கணும். சுப்பு எழுதுவானே காத்தவராயன்னு, பெரணமல்லூர் பக்கத்து ஆளு. கால் போயி ஊருக்கு வந்துட்டானாம். நான் கார்டு போட்டுட்டேன்."

"யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

"அவனுக்கு நானும் அப்பன்தாண்டி," என்றார்.

காத்தவராயன் வியாழக்கிழமை பதினொரு மணி பஸ்ஸில் வந்தான். மாசி வெயில் அதற்குள் சுள்ளென்று ஏறியிருந்தது. கக்கத்தில் கட்டை, இடது பக்கம் முழங்காலுக்குக் கீழே கால்சட்டையை மடித்து ஊசி குத்தியிருந்தான். இருபத்தைந்து வயதுக்கு மேல் இராது. வாசலோடு நின்றுவிட்டான். பெரணமல்லூருக்கு அப்பால் ஒரு சேரியில் கூலிவேலை செய்கிற குடும்பம் அவனுடையது. தெருவில் இரண்டு கதவு திறந்து பார்த்தது. மாணிக்கவேலும் எழுந்து நின்றாரே தவிர உள்ளே வா என்று வாய் வரவில்லை. நல்ல மனுஷன்தான், ஆனாலும் ஐம்பது வருஷத்துப் பழக்கம் நாக்கைப் பிடித்துக்கொண்டது.

"நான் இப்பிடியே நிக்கறேங்கய்யா, பரவால்ல," என்றான்.

"எம்புள்ள உங்கூட எப்பிடி இருந்தான்?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் பூங்காவனம்.

"ஒரே தட்டுல சாப்ட்டோம்மா."

"அப்ப உள்ள வாப்பா."

படத்தை முதலில் பார்த்துவிடலாம் என்றார் மாணிக்கவேல். மதியக் காட்சிக்கு இன்னும் நேரமிருந்தது. அவன் கட்டையோடு மெதுவாகத்தான் நடப்பான் என்று முன்னதாகவே கிளம்பினார்கள். ஜெயமும் வந்தாள்.

அன்றைக்குப் பூங்காவனம் திரையைப் பார்க்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் புருஷனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனையே பார்த்தாள். முரசு கொட்டியது. திரையின் வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்து விழுந்து மறைந்தது. பீரங்கி உதைத்தபோது அவன் இமைகூட ஆடவில்லை. கரும்பு அசைந்தபோது மட்டும் பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்தான். டிசம்பர் பதிமூன்று என்றது குரல். அவன் சிரித்தான். சந்தோஷமான சிரிப்பு இல்லை அது, யாரோ ஏமாற்றியது இப்போதுதான் புரிந்தது போல ஒரு சிரிப்பு. அப்புறம் தலையைக் குனிந்துகொண்டான். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து பச்சரிசிச் சோறும் மொச்சைக்கொட்டைக் கருவாட்டுக் குழம்பும் போட்டாள். தறிப் பக்கத்திலேயே இலை போட்டு உட்காரவைத்தாள். அவன் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான். கை கழுவிய பிறகுதான் மாணிக்கவேல் கேட்டார்.

"சொல்லுப்பா. அது சுப்புதானே?"

"அவன்தாங்க. நானும் அதுல கீறேன். அவன் பின்னால மூணாவது ஆளு. ஹெல்மெட்டு கண்ணை மறைச்சிகினு கீதே, அது நான்தான்."

"பதிமூணாந்தேதி?"

"இல்லீங்கய்யா. அது புரட்டாசி. யுத்தமே வர்ல அப்ப. எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்துல ஓடிப் பழகிகினு இருந்தோம். கேமராக்காரரு ஒருத்தர் வந்தாரு. ஓடுங்கப்பா, படம் புடிக்கறேன்னாரு. ஓடினோம். சுப்பு சிரிச்சிட்டான். சண்டைக்குப் போறவன் சிரிப்பானா, மறுபடி ஓடுன்னாரு. மறுபடியும் சிரிச்சான். எங்கம்மா கொட்டாயில பார்ப்பாங்கடா, மூஞ்சி நல்லாத் தெரியணும்டான்னு என்னாண்ட சொல்லிகினே ஓடறான். மூணாவது தடவையும் சிரிச்சான். போதும் போங்கடான்னு விட்டுட்டாரு."

ஜெயம் சுவரில் சாய்ந்து நின்றவள் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள்.

"அப்ப நெசமா ஓடினப்ப கேமரா இல்லியா?" என்றார் மாணிக்கவேல். அவருக்கு அதைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"அங்க யாருங்க கேமரா தூக்கிகினு வருவாங்க? நாலு நாள் கழிச்சி வந்தாங்களாம். நெசமான சண்டைய யாரும் படம் புடிக்க முடியாதுங்கய்யா. ஒண்ணும் தெரியாது அதுல. பனி. பக்கத்துல கீறவன் முதுகு தெரியும், அவ்ளோதான். கால் பூரா சேறு, பூட்ஸ் கழட்டி ஒம்பது நாளு, விரல் எல்லாம் வெந்து போயி கீது. தோட்டா சத்தம் கூட மொதல்ல கேக்காது. பக்கத்துல ஓடறவன் திடீர்னு உக்காருவான். பூட்ஸ் கயிறு கட்டறான்னு நெனச்சிப்போம். அப்புறந்தான் தெரியும். சிரிப்பா? பல்லு கட்டிக்கும்மா. கால்சட்டையிலயே ஒண்ணுக்குப் போயிடுவோம். எல்லாருமேதான். யாரும் ஊர்ல வந்து சொல்றதில்ல."

"எம்புள்ளை?" என்றாள் பூங்காவனம்.

அவன் இதற்குத் தயாராக வந்திருந்தான். கைகட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிறவன் மாதிரி சொன்னான். "நெஞ்சில பட்டுச்சிம்மா. ஒடனே போயிட்டான். வலியே தெரியாது. அம்மான்னு ஒரு வார்த்தைதான்."

ஆபீசர் கடுதாசியும் இவன் சொன்னதும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தன. பூங்காவனம் அவன் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"கையில கயிறு இருந்துச்சாப்பா?"

அவன் முகம் மாறியது. அதை மாணிக்கவேலும் பார்த்தார், ஜெயமும் பார்த்தாள்.

"எந்தக் கயிறும்மா?"

"அரக்குக் கலரு. மூணு புரி. படத்துல கை மொட்டையா கீது. மொத நாளே பார்த்துட்டேன் நான். இது பழைய படம்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சிகினேதான் ஒம்பது நாளாப் போயினு கீறேன். எம்மருமக பொட்டு வக்கறதா வாணாமான்னு கேக்கறா, அவளாண்ட கூடச் சொல்லல. பாவி நான். நீயாவது நெசத்தைச் சொல்லிட்டுப் போப்பா. கயிறு இருந்துச்சா?"

ஜெயம் நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பூங்காவனம் வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

பக்கத்து வீட்டுத் தறி டக்கு டக்கு என்று ஓடிக்கொண்டிருந்தது.

"இருந்துச்சிம்மா," என்றான் கடைசியில். "அத்தாலதான் எனக்குத் தூக்கம் வர்றதில்ல."

பிறகு கட்டையைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னான். இப்போது ஒப்பிக்கவில்லை.

"காலைல ஏழு மணி இருக்கும். ஒரு குளத்தங்கரை மேல ஏறணும். எனக்கு ரெண்டடி முன்னால அவன். உக்கார்ந்தான். வயித்துல பட்டிருந்திச்சி. நான் குனிஞ்சேன். குனியக் கூடாதும்மா. அடிபட்டவனுக்காக யாரும் நிக்கக் கூடாது, பின்னால தூக்கறவங்க வருவாங்கன்னு உத்தரவு. நின்னா நிக்கறவனும் போவான், வரிசையும் போவும். அவன் என் பெல்ட்டைப் புடிச்சிட்டான். விடுடா விடுடான்னேன். கையை விட்டுட்டான்மா. நெசமா விட்டுட்டான். ஆனா அந்தக் கயிறு... மிச்சம் தொங்குமே, அது என் பக்கிள்ல மாட்டிகிச்சி. இழுத்தேன். அறுபடல. அவன் கை கூடவே வருது. மேலேர்ந்து சுட்டுகினே கீறாங்க. மறுபடி இழுத்தேன். அவன் என்னைப் பார்க்கறான், ஒண்ணும் பேசல. துப்பாக்கி முனையில கீற பேனட்டை எடுத்து அறுத்தேன். பேனட்டுக்குக் கூர் இல்லம்மா. குத்தத்தான் ஆவும், அறுக்க ஆவாது. தேய்ச்சித் தேய்ச்சித்தான் அறுத்தேன். எவ்ளோ நேரம்னு தெர்ல. அறுத்துட்டு ஓடிட்டேன்."

தெருவில் தண்ணீர் வண்டி ஒன்று போனது.

"நூறு கஜம் போறதுக்குள்ள என் கால் போச்சி. அப்பிடியே கெடந்தேன். பின்னால அவன் கொரலு கேட்டுகினே இருந்துச்சி. மத்தியானம் வரைக்கும்."

"அம்மான்னு கூப்டானா?" என்று கேட்டார் மாணிக்கவேல்.

"இல்லீங்கய்யா. தண்ணி கேட்டான்."

"என்னைப் பத்தி எதனா..." என்றாள் ஜெயம்.

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். பொய் சொல்ல நினைத்தது முகத்தில் தெரிந்தது. ஆனால் சொல்லவில்லை. "இல்லம்மா. தண்ணி மட்டுந்தான். சாயங்காலம் என்னைத் தூக்கிகினு வந்தவங்க சொன்னாங்க, அவன் தண்ணிக்குடுவை அவன் கீழயேதான் கெடந்துச்சாம். நிறைய இருந்துச்சாம். கை எட்டலபோல."

மாணிக்கவேல் எழுந்து கொல்லைப்பக்கம் போனார். அங்கே வாயில் துண்டை அழுத்திக்கொண்டு அழுவது எல்லோருக்கும் கேட்டது.

பூங்காவனம் அழவில்லை. தன் இரண்டு விரலையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று புரி. அது ஒரு புரியாக இருந்திருந்தால் முதல் இழுப்பிலேயே அறுந்திருக்கும். தன் மகன் தன்னை அறுத்துக்கொண்டு ஓடுகிறவனைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்க வேண்டாம். இந்தப் பையனும் ராவெல்லாம் தேய்த்துத் தேய்த்து அறுத்துக்கொண்டிருக்க வேண்டாம். அப்புறம் வேறு மாதிரியும் தோன்றியது. அந்தக் கயிறு இருந்ததால்தானே இன்னும் கொஞ்ச நேரம் பக்கத்தில் ஒரு ஆள் இருந்தான்? இரண்டுமே நிஜமாக இருந்தது. இரண்டுமே ஆறுதலாக இல்லை.

"சபிச்சிடுங்கம்மா," என்றான் காத்தவராயன். "திட்டிடுங்க. ஊர்ல என்னை வீரன்னு மாலை போட்டாங்க."

"சோறு போட்ட கையால சபிக்க மாட்டேன்," என்றாள். "அவன் எடத்துல நீ விழுந்திருந்தா, எம்புள்ளயும் அறுத்துகினுதான் ஓடியிருப்பான். ஓடணும்னுதான் நான் வேண்டியிருப்பேன்."

பிறகு ஜெயத்தைப் பார்த்துச் சொன்னாள். "அவன் இல்லம்மா. சொல்லிட்டேன். என்னை மன்னிச்சிடு."

ஜெயம் தலையாட்டினாள். எழுந்து வந்து, ராட்டினத்துக்குப் பக்கத்தில் உட்காராமல், மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

குறித்த நாளை மாணிக்கவேல் திருப்பிச் சொல்லியிருக்கவில்லை. அமாவாசை அன்று காலை கமண்டல நாகநதியில் கணுக்கால் தண்ணீர் ஓடியது. மணல் அதற்குள் சுட்டது. பொம்பளைகள் இங்கே வரக் கூடாது என்று பங்காளிகள் சொல்லிப் பார்த்தார்கள். பூங்காவனம் காதில் போட்டுக்கொள்ளாமல் முன்னால் நடந்தாள். வாழையிலை மேல் தர்ப்பையால் கட்டிய உருவம் கிடந்தது. ஒரு முழ நீளத்துக்குத் தலை, கை, கால் எல்லாம் இருந்தது. அவள் இடுப்பிலிருந்து ஒரு பட்டுக் கயிற்றை எடுத்து, அதன் வலது கையில் சுற்றினாள். அதே அரக்குப் பட்டு. முந்தின நாள் அவளே திரித்தது. இந்த முறை ஒரே புரி.

வாய்க்கரிசி போட்டார்கள். பிறகு, தண்ணீர் விட யார் வருகிறீர்கள் என்று புரோகிதர் கேட்டார். மாணிக்கவேல் சொம்பை எடுத்தார். எடுத்தவர் பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் மணல்மேட்டுக்கு அப்பால், கூட்டத்தில் சேராமல் கட்டையூன்றி நின்றவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலை முதல் பஸ்ஸிலேயே வந்து நின்றிருந்தான்.

"தம்பி, நீ வா," என்றார் மாணிக்கவேல். வாசலில் வராத வார்த்தை ஆற்றில் வந்தது.

பங்காளிகளுக்குள் முணுமுணுப்பு எழுந்தது. "இன்னா மாணிக்கம் இது, அவன் யாரு, இன்னா மொறை?" என்றார் ஒரு பெரியவர்.

"எம்புள்ள தண்ணி கேட்டது இவனாண்டதான்," என்றாள் பூங்காவனம். "இவன்தான் குடுக்கணும்."

காத்தவராயன் மணலில் கட்டை புதையப் புதைய வந்தான். குனிய முடியவில்லை. கட்டையைப் போட்டுவிட்டு ஒற்றைக் காலில் மண்டியிட்டான். ஜெயம் சொம்பில் ஆற்றுத் தண்ணீர் மொண்டு வந்து அவன் கையில் கொடுத்தாள். மூன்று முறை சொட்டு விட்டால் போதும் என்றார் புரோகிதர். அவன் தர்ப்பையின் தலைமாட்டில் சொம்பைச் சாய்த்தான். சாய்த்தவன் நிமிர்த்தவில்லை. தண்ணீர் முழுவதும் போய்த் தீர்ந்தது. சொம்பை நீட்டினான். ஜெயம் மறுபடி மொண்டு வந்தாள். அதையும் ஊற்றினான். "குடிடா, குடிடா" என்று அவன் சொன்னது பக்கத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் கேட்டது.

"போதும்ப்பா, நனைஞ்சிபோச்சி," என்றார் பெரியவர்.

"ஊத்தட்டும்," என்றாள் பூங்காவனம்.

ஐந்து சொம்பு ஊற்றினான். உருவம் ஊறிப்போய் இலை மேல் தண்ணீர் தேங்கி நின்றது. மாணிக்கவேல் கொள்ளி வைத்தார். புகைந்ததே தவிரப் பிடிக்கவில்லை. மறுபடி வைத்தார். மூன்றாவது முறையும் பிடிக்கவில்லை. காயட்டும் என்றார் புரோகிதர். அவசரம் எதுவும் இல்லை. வெயில் நன்றாக ஏறியிருந்தது. மணலில் துண்டை விரித்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். பங்காளிகளில் ஒருவர் நகர்ந்து காத்தவராயனுக்கும் இடம் விட்டார்.